மூன்றாவது செயின்

வண்டி வாங்கிய முதல் மாதம் யாரைக் கேட்டாலும் "செம வண்டி" என்பார்கள். ஆறாவது மாதம் கேட்டால் சர்வீஸ் சென்டரைத் திட்டுவார்கள். மூன்று வருடம் கழித்துக் கேளுங்கள், "ஓடுது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வாங்கப் போகிறவருக்கு வேண்டிய விஷயமெல்லாம் அந்த "ஓடுது"க்குள்தான் இருக்கிறது. அதைப் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும்.

இதற்கு நான் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன்: செயின் செட். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்து மெக்கானிக் கடையில் அப்படித்தான் சொல்வார்கள். 100, 150 சிசி வண்டியில் ஒரு செட் ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் வரும். மூடிய செயின் கவர் உள்ள வண்டியில் இன்னும் கொஞ்சம் கூடும். எண்ணெயே காணாத செயினாக இருந்தால் பாதியில் போய்விடும். முதல் செயின் கம்பெனி போட்டது. இரண்டாவது செயினை வாங்கும்போது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்று உரிமையாளர் எடுத்த முடிவில் அவர் குணம் தெரியும். மூன்றாவது செயினோடு ஓட்டுகிறவர் 40,000 கிலோமீட்டரைத் தாண்டியவர். ஒரு கிளட்ச் பிளேட் மாற்றியிருப்பார், ஒரு கோன் செட், ஒரு பேட்டரி, இரண்டு ஜோடி டயர் பார்த்திருப்பார். வாரன்டி முடிந்து தெரு மெக்கானிக்கிடம் வந்து சேர்ந்திருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். பெங்களூரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

அவரிடம் என்ன கேட்பது? "வண்டி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். சொந்த வண்டியைக் குறை சொல்வது சொந்தப் பிள்ளையைக் குறை சொல்வது போல. யாருக்கும் வாய் வராது. மடிவாளாவில் ஒரு டீக்கடை வாசலில், தருமபுரிப் பக்கத்து மனிதர் ஒருவரிடம் அவருடைய பழைய 100 சிசி வண்டியைப் பற்றி விசாரித்தேன்.

"அண்ணே, வண்டி எப்படி?"

"நல்லா இருக்கு தம்பி. ஒரு தொந்தரவும் இல்ல."

"கடைசியா எதுக்குச் செலவு பண்ணீங்க?"

"போன மாசம் கோன் செட் மாத்துனேன். அதுக்கு முந்தி டைமிங் செயின் சத்தம் போட்டுச்சு. அதுக்கு முந்தி, இரு, கார்புரேட்டர் ரெண்டு தடவ கழட்டுனாங்க, ஒருத்தன் சரியாப் போடல..."

டீ ஆறிப்போனது. ஒரு தொந்தரவும் இல்லாத வண்டியின் தொந்தரவுகளைக் கால் மணி நேரம் சொன்னார். பொய் சொல்லவில்லை அவர். பழகிப்போன செலவு தொந்தரவாகக் கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான். ஆகவே கருத்தைக் கேட்காதீர்கள், செலவைக் கேளுங்கள். கடைசியாக எதற்குக் காசு போனது, எந்தப் பாகத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தீர்கள், வண்டி நடுவழியில் எங்கே நின்றது. இந்த மூன்று கேள்விக்கு வருகிற பதில், எத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண் போடுவதைவிடப் பெரிது.

பெங்களூர் மீட்டர்

நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. இந்த ஊரில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்: "தினம் எந்த ரோட்டில் ஓட்டுறீங்க?"

ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வருகிறவர் ஒருவர். பனசங்கரியிலிருந்து மாரத்தஹள்ளிக்குப் போகிறவர் இன்னொருவர். இருவரிடமும் ஒரே மாடல், ஒரே வருடம், இரண்டு மீட்டரும் 30,000 காட்டுகின்றன. சந்தையில் இரண்டுக்கும் ஒரே விலைதான் சொல்வார்கள். டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெங்களூர் நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. அந்த ஆண்டு அவர்கள் கணக்கெடுத்த நகரங்களில் லண்டனுக்கு அடுத்து இரண்டாவது மெதுவான ஊர் இது. பைக் சந்து பொந்தில் நுழைந்து கொஞ்சம் முந்தும் என்றாலும், மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் ஓடிய நேரம் 1,500 மணி. ஓசூர்க்காரர் சராசரியாக 40-இல் வந்திருந்தால் அவருடையது 750 மணி. மீட்டர் ஒன்றுதான், எஞ்சின் வயதோ இரட்டை. பழைய வண்டி வாங்கும்போது நான் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் உரிமையாளரின் வீடும் ஆபீசும் எங்கே என்று கேட்பது இதனால்தான்.

எஞ்சினோடு இது நிற்பதில்லை. சில்க் போர்டு சந்திப்பில் காலையில் மாட்டிக்கொண்டவருக்கு இடது கை விரல் எப்படி வலிக்கும் என்று தெரியும். பாதி கிளட்சைப் பிடித்தபடி அரை அடி அரை அடியாக நகர்வதில் தேய்வது கிளட்ச் பிளேட். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு, வண்டி நின்றால் காற்று கிடையாது. சூடேறிய ஆயில் தன் குணத்தை இழக்கும். கம்பெனிப் புத்தகத்தில் 5,000 அல்லது 6,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்லியிருக்கலாம். நெரிசலில் மட்டுமே ஓடும் வண்டிக்கு நான் 3,000-இலேயே மாற்றிவிடுகிறேன். ஐந்நூறு ரூபாய் செலவில் கிடைக்கும் நிம்மதி. எந்த கிரேடு என்பதில் மட்டும் உங்கள் யோசனையோ மெக்கானிக் யோசனையோ வேண்டாம். 10டபிள்யூ-30 என்று புத்தகம் சொன்னால் அதே. டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கித்தான் வேலை செய்கிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். விலை மலிவு என்று மிச்சமிருந்த கார் ஆயிலை ஊற்றிவிட்டு "பிக்கப் இல்லை" என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊரின் உயரமும் கணக்கில் வரும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் டியூன் செய்த கார்புரேட்டர் வண்டி இங்கு வந்தால் பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகப் போகும், பிளக் கறுக்கும், மைலேஜ் இறங்கும். ஒரு முறை மிக்ஸ்சர் ஸ்குரூவை இங்கேயே சரிசெய்தால் போதும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி இதைச் சென்சார் வழியாகத் தானே பார்த்துக்கொள்ளும்.

இந்த உயரத்தில் ஒரு நன்மையும் உண்டு: கடல் இல்லை. திருவொற்றியூரிலோ நாகப்பட்டினத்திலோ பத்து வருடம் நின்ற வண்டியின் ஸ்விங் ஆர்ம், சைலன்சர் அடிப்பாகம், டேங்க் உட்புறம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். பெங்களூர் வண்டியில் அந்த உப்புத் துரு இருக்காது. ஊருக்குப் போய் மலிவாக ஒரு பழைய வண்டியைத் தட்டிக்கொண்டு வரலாம் என்று நினைப்பவர்கள், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தேடுவது நல்லது.

பள்ளம், மேடு, தண்ணீர்

எது எந்த வரிசையில் தேயும் என்பது எஞ்சினைவிட ரோட்டைப் பொறுத்தது. இங்கே முதலில் போவது கோன் செட்தான். ஹேண்டில் பாரைத் தாங்கும் பேரிங்குக்கு மெக்கானிக் வைத்த பெயர் அது. தெருவுக்கு மூன்று ஸ்பீடு பிரேக்கர், கான்கிரீட் ரோடும் தார் ரோடும் சேருமிடத்தில் ஒரு படி, நடுவில் சாக்கடை மூடி. ஒவ்வொரு இடியும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஏதோ பள்ளத்தில் உட்கார்வது போல "டக்" என்று நின்றால் கோன் செட் போய்விட்டது. பழைய வண்டி பார்க்கப் போகும்போது விற்பவர் டேங்க் பளபளப்பைக் காட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது முன் ஃபோர்க்கின் ஆயில் சீல். ஃபோர்க் குழாயில் விரலால் தடவும்போது எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சீல் கசிகிறது. அப்படியே விட்டால் எண்ணெய் வழிந்து டிஸ்க் பேடில் படும். அப்புறம் பிரேக் பிடிக்காது. அலாய் வீலில் பெண்டு இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்களில் வாரமும் வருடமும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஐந்தாறு வருடமான ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழை நாளில் பெயின்ட் அடித்த ஜீப்ரா கோட்டில் பிரேக் பிடித்தால் அது உங்களுக்கே தெரியும்.

மழை என்றதும் 2022 செப்டம்பர் நினைவுக்கு வருகிறது. பெல்லந்தூர், மாரத்தஹள்ளி, அவுட்டர் ரிங் ரோடு எங்கும் தண்ணீர். அடுக்குமாடிகளின் பேஸ்மென்ட்டில் மூழ்கிய வண்டிகளில், தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் செல்ஃப் அமுக்கியதுதான். அதைவிடக் கெட்ட காரியம் இல்லை. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். மூழ்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள். பிளக்கைக் கழற்றி, ஆயிலை இறக்கச் சொல்லுங்கள். இறங்கும் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பழைய வண்டி வாங்கும்போதும் ஆயில் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள், அதே டீ நிறப் பிசின் ஒட்டியிருக்கிறதா என்று.

மற்றவை சுருக்கமாக. பேட்டரி மூன்று நான்கு வருடம் வந்தால் நல்ல பேட்டரி. பிரேக் ஃபுளூயிட் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை லூப். ஓ-ரிங் செயின் என்றால் பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், ரப்பர் வளையம் கெடும்.

பெயர் ஒன்று, எஞ்சின் வேறு

அனுபவம் கேட்கும்போது நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, பெயரைக் கேட்டுவிட்டு எஞ்சினைக் கேட்காமல் விடுவது. "எங்க மாமா இருபது வருஷம் புல்லட் ஓட்டினார்" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் நீங்கள் இன்று வாங்கப்போகும் வண்டிக்கு அது சாட்சி ஆகாது.

புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் சென்னையில் தொடங்கிய கதை. மாமா ஓட்டியது காஸ்ட் அயர்ன் எஞ்சின்: கியர் பெட்டி தனி, கியர் வலது காலில், பிரேக் இடது காலில், அம்மீட்டர் முள்ளைப் பார்த்து டிகம்ப்ரஸரை அமுக்கிக் கிக் அடிக்க வேண்டும். வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால்தான் எண்ணெய் இருக்கிறது என்று நிம்மதி அடையும் கூட்டம் அது. 2009 வாக்கில் கிளாசிக் வந்தபோது எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே உறையாகிவிட்டன. ஹைட்ராலிக் டப்பெட் என்பதால் டப்பெட் வைக்கும் வேலையே போயிற்று. 2020-இல் மீட்டியோர் 350-உடன் வந்த ஜே வரிசை எஞ்சின் இன்னொரு தலைமுறை: 349 சிசி, அதிர்வைக் குறைக்க பேலன்ஸர் ஷாஃப்ட். 2021-இல் கிளாசிக்கும் அதற்கு மாறியது. மூன்றும் மூன்று வண்டி. காஸ்ட் அயர்ன்காரர் சொல்லும் எண்ணெய்க் கசிவு ஜே எஞ்சின் வாங்குபவருக்குப் பொருந்தாது. ஜே எஞ்சின்காரர் சொல்லும் மென்மை 2012 கிளாசிக் வாங்குபவருக்குப் பொருந்தாது.

கர்நாடகத்துக்காரர்களின் செல்லப்பிள்ளை ஜாவா, எஸ்டி கதையும் இதே. மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை ஓடியது. டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், கிக்கரை முன்பக்கம் மடித்தால் அதுவே கியர் லீவர். ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு பெங்களூரில் அந்தப் பழைய வண்டிகள் புகை கக்கிக்கொண்டு ஒன்றுகூடுவதைப் பார்த்திருப்பீர்கள். 2018-இல் ஜாவாவும் 2022-இல் எஸ்டியும் அதே பெயர்களில் திரும்பி வந்தன. ஆனால் அவை திரவத்தால் குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள். தாத்தா பெயரை வைத்த பேரன், அவ்வளவுதான் உறவு.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஸ்பிளெண்டர். 1994-இல் வந்தது. இன்றும் அதே 97.2 சிசி அளவு. கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்திருந்தாலும், இருபது வருடத்துக்கு முந்தைய உரிமையாளர் சொல்வதில் பாதிக்கு மேல் இன்றைக்கும் செல்லும். பாகம் கிடைக்காத ஊர் கிடையாது. பிரித்துப் போடத் தெரியாத மெக்கானிக் கிடையாது. ஓட்டுவதில் ருசி குறைவு என்று இளைஞர்கள் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு முதல் வண்டி எது என்று கேட்டால் என் பதில் இந்தப் பக்கம்தான்.

பல்சர் 2001-இல் வந்து பையன்களின் ஊரையே மாற்றியது. 2003-இல் வந்த டி.டி.எஸ்.ஐ. எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக்; பின்னால் வந்த என்.எஸ். 200-இல் மூன்று. சர்வீஸ் செய்யும்போது கைக்கு எட்டுகிற ஒரு பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. பக்கத்தில் நின்று எண்ணுங்கள்.

ஆர்.எக்ஸ். 100 பற்றிச் சொல்லாமல் விட்டால் பெங்களூர் வாசகர் சும்மா விடமாட்டார். 1985 முதல் 1996 வரை வந்த 98 சிசி டூ ஸ்ட்ரோக். இன்று புதுப்பித்த வண்டிக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். ஆசைதான், தெரியும். ஆனால் அது வண்டி வாங்குவது அல்ல, பழக்கம் ஒன்றை வாங்குவது. ஒரிஜினல் பாகம் அரிது. சிவாஜிநகர் குஜரிச் சந்தையில் அலைய நேரம் வேண்டும். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எண்ணின்மீது ராவிய தடம் தெரிந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

யார் கை பட்ட வண்டி

வாரன்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ், அதற்குப் பிறகு நம்பகமான தெரு மெக்கானிக் என்பதுதான் பெரும்பாலோர் போகும் பாதை. எனக்கும் அதில் மறுப்பில்லை. ஒரு திருத்தம் மட்டும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 புகை விதி வந்தபிறகு வண்டிகள் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. ஸ்கேனர் இல்லாத மெக்கானிக் அங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். ஆயில், செயின், பிரேக் வரை அவர் கை போதும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் டேங்கை வறட்டும் பழக்கத்தையும் விடுங்கள். உள்ளே இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான்.

ஒரு முறை என் வண்டியில் கிளட்ச் பிளேட் மாற்றியதாக ஓர் இடத்தில் பில் போட்டார்கள். 2,000 கிலோமீட்டரில் மறுபடி வழுக்கியது. வேறு ஒருவர் பிரித்தபோது உள்ளே இருந்தது பழைய பிளேட்டேதான். அன்று முதல் ஒரு வழக்கம்: மாற்றிய பழைய பாகத்தை ஒரு கவரில் போட்டுக் கையில் வாங்கிக்கொள்வேன். கொடுக்கத் தயங்கும் கடைக்கு இரண்டாம் முறை போவதில்லை. பாகம் நீங்களே வாங்கித் தர வேண்டுமென்றால் ஜே.சி. ரோடு போங்கள். அங்கேயும் "கம்பெனி பீஸா, லோக்கலா" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். லோக்கல் என்று ஒளிக்காமல் சொல்லி விற்பவர் நல்ல கடைக்காரர்.

இன்னொன்று, இ20 பெட்ரோல். இதை நாட்டுக்கு அறிமுகப்படுத்திய விழா நடந்ததே பெங்களூரில்தான், 2023 பிப்ரவரியில். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை இறுகவைக்கும். மாதக்கணக்கில் நிற்கும் பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். பெட்ரோல் குழாயை வருடம் ஒரு முறை மாற்றினால் சில நூறு ரூபாய்கூட ஆகாது.

தமிழ்நாட்டு நம்பரும் பதினைந்தாவது வருடமும்

இந்த நூலைப் படிக்கும் பலரிடம் டி.என். நம்பர் வண்டி இருக்கும் என்று தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும். ஊரின் ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று. இங்கே படிவம் 27 கொடுத்து, ஆயுள் வரி கட்டி, கே.ஏ. எண். எலக்ட்ரானிக் சிட்டி என்றால் கே.ஏ. 51, ஜெயநகர் என்றால் கே.ஏ. 05. கடன் இருந்தால் முதலில் வங்கியின் சம்மதம் வேண்டும். கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கிப் பெயரை நீக்குங்கள். இதைச் செய்யாமல் பத்து வருடம் கழித்து விற்கப் போய் அல்லாடுகிறவர்கள் ஏராளம். உங்கள் கம்பெனிக்கு நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் இருந்தால், புது வண்டிக்கு 2021-இல் வந்த பி.எச். வரிசை எண்ணை யோசியுங்கள். மாநிலம் மாறினாலும் மாற்றும் வேலை இல்லை.

பதிவு 15 வருடத்துக்குத்தான். முடிவதற்கு முன்பே படிவம் 25 கொடுத்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் பைக்குக்கு இந்தக் கட்டணம் 300-இலிருந்து 1,000 ரூபாயாகியது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கினார்கள். 14 வருடமான வண்டியை மலிவு என்று வாங்கும்போது இந்தச் செலவும் அலைச்சலும் விலையில் கழிய வேண்டும். 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே வருகிறது. வசதிதான், ஆனால் ஐந்தாவது வருட முடிவில் நினைவூட்ட யாரும் இல்லை. நாள்காட்டியில் குறியுங்கள். பழைய வண்டி வாங்கும் முன் நிலுவை அபராதத்தையும் நம்பர் போட்டுப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் பாதித் தள்ளுபடி அறிவித்தபோது பெங்களூர்ப் போலீஸ் நிலையங்களில் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் என்ன வால் தொங்கலாம் என்று தெரியும்.

ஒரு நோட்டு

மற்றவர் அனுபவத்தை இவ்வளவு நேரம் குடைந்தோம். உங்கள் அனுபவம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஞாபகத்தில். ஞாபகம் பொய் சொல்லும், மேலே டீக்கடையில் பார்த்ததுபோல. சீட்டுக்கு அடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். தேதி, மீட்டர், என்ன மாற்றியது, யார் மாற்றியது, எவ்வளவு. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஃபோனிலும் எழுதலாம். ஆனால் ஃபோன் மாறும், நோட்டு வண்டியோடேயே இருக்கும்.

என் வண்டியின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இந்த அத்தியாயம் விளம்பரமாகிவிடும். 150 சிசி, மூன்றாவது செயின். லிட்டருக்கு 40 கிலோமீட்டர். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். ஆயில், டயர், செயின், பேட்டரி, கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து நோட்டில் கூட்டிப் பார்த்தபோது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு நாள் வண்டி என்னைத் தின்கிறது என்று நினைத்திருந்தேன். தின்றது பெட்ரோல்தான். கணக்கு தெரிந்தபிறகு ஒரிஜினல் செயின் செட்டுக்கு முந்நூறு ரூபாய் கூடக் கேட்டால் நான் பேரம் பேசுவதில்லை.

விற்கும் நாள் வந்தால் படிவம் 29, 30, ஆர்.சி., இரண்டாவது சாவி இவற்றோடு அந்த நோட்டையும் வாங்குபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.